புள்ளி இல்லாத இரண்டு சொற்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெருமை பீற்றிக்கொள்வதற்காக எழுதுவது. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. எட்டு வருஷம் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்ததும் பின்னால் செய்ததும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில், ஒரு மாடியில் இருந்த கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் அது. கப்பலில் வந்த சரக்குக்குக் காகிதம் தயார் செய்து, சுங்கத்தில் காட்டி, கன்டெய்னரை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் காகிதம் பார்ப்பவர். நான் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைபவன். அவர் தருவைகுளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில். வயதில் நான் ஆறேழு வருஷம் மூத்தவன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். அந்த மரியாதைக்கு நான் தகுதியாக நடந்துகொண்ட நாட்கள் குறைவு.

எங்கள் தொழிலில் தப்புக்கு எப்போதும் ஒரு சொந்த ஊர் உண்டு, அது ஒருபோதும் எங்கள் அலுவலகம் இல்லை. சர்வர் டவுன் என்போம். கப்பல் கம்பெனிக்காரன் மெயிலே அனுப்பவில்லை என்போம். டிரைவர் வழி தவறிவிட்டான் என்போம். நானெல்லாம் இதில் கைதேர்ந்தவன். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷி எழுந்து நின்று, நாலு பேர் காதில் விழும்படி, “தப்பு என்னுது” என்று சொன்னால் எப்படி இருக்கும்? முதல் தடவை கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரோ அலுவலகத்தில் செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டதைப் போல.

அவருக்கு பிரெஞ்சு பிடித்துக்கொண்டதே முந்திரியால்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை எங்கள் துறைமுகத்துக்கு வரும். அந்த நாடுகளில் காகிதமெல்லாம் பிரெஞ்சில். நாங்கள் போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பு பார்ப்போம். ஒரு நாள் அந்தப் போன், பதப்படுத்தாத கொட்டை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘முரட்டுக் கொட்டைகள்’ என்று சொன்னது. அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “இத நம்பியா நாம கையெழுத்துப் போடுதோம்?” என்று கேட்டார். அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கினார். புதுச்சேரியில் ஒரு டீச்சர் பெண், போன் வழியாகக் காலை ஆறு மணிக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். இவரைவிடப் பாதி வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இவர் அவளை ‘டீச்சர், நீங்க’ என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு எங்கள் நிம்மதி போயிற்று. பிரெஞ்சில் எந்தப் பொருளும் தனியாக வெளியே கிளம்பாதாம். முன்னால் ஒரு குட்டிச் சொல் துணைக்கு வர வேண்டும். ஆண் என்றால் ‘லெ’, பெண் என்றால் ‘லா’. மேசைக்கும் மின்விசிறிக்கும்கூட ஆண் பெண் உண்டு. ஆணுக்கு நீலச் சீட்டு, பெண்ணுக்கு ரோஸ் சீட்டு என்று வெட்டி, அலுவலகத்தில் கண்ணில் பட்டதிலெல்லாம் ஒட்டிவிட்டார். மேசை ரோஸ், மின்விசிறி நீலம். கோப்பு நீலம், சாவி ரோஸ். அலமாரிக்கு ரோஸ் ஒட்டும்போது மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். “அண்ணாச்சி, இதுக்கு அங்கன ‘அர்முவார்’னு பேரு. நம்ம அலமாரியேதான். கப்பல்ல வந்து எறங்கி நம்ம வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு இருந்திருக்கு, நமக்குத் தெரியல பாத்தியளா?” என்றார். அன்றைக்கு முழுக்க அந்த அலமாரியை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியின் நாற்காலியில் ரோஸ் சீட்டு ஏறியபோது வம்பு வந்தது. “என் சேர் பொம்பளையா? கிழிங்கம்மா அத” என்றார் முதலாளி. இவர் வாதாடவில்லை, கிழிக்கவும் இல்லை. மறுநாள் காலை வகுப்பில் கேட்டுவிட்டு வந்து முதலாளி அறை வாசலில் நின்றார். “தப்பு என்னுது மொதலாளி. கை வச்ச நாற்காலிக்கு வேற பேரு. அது ஆம்பளதான்.” ரோஸைக் கிழித்து நீலத்தை ஒட்டினார். முதலாளிக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல். நாங்கள் கையில்லாத நாற்காலிக்காரர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் யார்டில் சுமை இறக்குகிற இசக்கிக்கு இந்த விஷயம் எட்டியது. வாயாடி அவன். டீக்கடையில் அவரை மடக்கினான். “யக்கா, இது நம்ம பாஷல்லா! ஆம்பளைய ‘வாலே’ங்கோம், பொம்பளைய ‘வாளா’ங்கோம். அப்போ பிரெஞ்சுக்காரன் தூத்துக்குடிக்காரந்தான்.”

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “சரிதாம்ல. ஆனா அவன் முன்னால வைக்கான், நாம பின்னால வைக்கோம். வேற வித்தியாசம் இல்ல.”

அன்றிலிருந்து அவர் பெயர் யார்டு முழுக்க ‘லா அக்கா’. லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டு “லா அக்கா, நம்ம லாரி ஆணா பெண்ணா?” என்று கேட்பார்கள். ஆண் என்றால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். லாரியில் எதுக்குடா சந்தோஷம் என்று நான் கேட்டதில்லை.

இதெல்லாம் ஆரம்பப் பாடம். அடுத்தாற்போல் அடைமொழி வந்து சேர்ந்தது. ஒரு பொருள் பெரிசா சிறிசா, பழசா, அழகா, நல்லதா கெட்டதா என்பது பெயருக்கு முன்னால் வருமாம். நிறம் பின்னால் வருமாம். குட்டிச்சொல், அடைமொழி, பெயர் மூன்றும் ஆணென்றால் ஆணாக, பெண்ணென்றால் பெண்ணாக ஒத்துப்போக வேண்டுமாம். “மூணையும் சேத்துத்தான் படிக்கணும் அண்ணாச்சி. தனியாப் படிச்ச வார்த்த தங்கமாட்டேங்கு” என்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி போனால், “அன் வியூ காமியோன் ரூழ்” என்பார். ஒரு பழைய லாரி, சிவப்பு. பழசு முன்னால், சிவப்பு பின்னால். என் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சோற்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

அவருக்குத் தண்ணி காட்டியது ஒரே ஒரு விதிதான். பல பொருள்கள் என்றால் முன்னால் ‘டே’ வரும். ஆனால் பெயருக்கு முன்னால் அடைமொழி வந்து நின்றுவிட்டால் அந்த ‘டே’ சுருங்கி ‘த’ ஆகிவிடும். இது அவருக்கு மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது. மத்தியானம் டப்பாவைத் திறந்து நெத்திலி வறுவலைப் பார்த்ததும், “டே பெத்தி புவாசோன்” என்பார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “தப்பு என்னுது. த பெத்தி புவாசோன். சின்ன மீன்கள்” என்பார். அப்புறம்தான் சாப்பாடு. ஒரு மாதம் நெத்திலிக்கு முன்னால் இந்த மன்னிப்பு நடந்தது. பிறகு ஒரு நாள் தப்பே இல்லாமல் வந்துவிட்டது. அன்று எனக்கு நாலு நெத்திலி கூடுதலாகக் கிடைத்தது.

அந்த வெற்றிதான் அவரைக் கவிழ்த்தது.

விதி கைவந்த மறுநாளே ஒரு முந்திரிக் காகிதம் வந்தது. அதில் ஒரு வரியின் தொடக்கத்தில், ‘த மொவேஸ் நுவா’ என்று இருந்தது. கெட்ட கொட்டைகள். குட்டிச்சொல், அடைமொழி, பெயர். நேற்றுப் பிடித்த மீன் இன்று காகிதத்தில் துள்ளியது. அவருக்குக் கண் மின்னியதை நானே பார்த்தேன். “இதுல கெட்ட கொட்ட இருக்குன்னு அவனே எழுதியிருக்கான்” என்று சொல்லி, யார்டு வாசலில் நின்ற லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சரக்குக்காரர் ஓடி வந்தார். முதலாளி ஓடி வந்தார். புதுச்சேரி டீச்சருக்குப் படம் போனது. பதில் வந்தது: முந்தின வரியின் கடைசியில் ‘இல்லை’ என்று இருக்கிறது, கவனிக்கவில்லையா?

கெட்ட கொட்டைகள் இல்லை. அவ்வளவுதான் காகிதம் சொன்னது.

முதலாளி அன்று பேசியதை எழுத எனக்கு இஷ்டமில்லை. பிரெஞ்சு படிக்கிறேன் என்று தொழிலைக் கெடுக்க வந்தவர் என்பது அதில் மிக மென்மையான வாக்கியம். நான் குனிந்து எதையோ தேடுகிறவன் போல நடித்துக்கொண்டிருந்தேன். அவர் அலுவலகத்தின் நடுவில் வந்து நின்றார். “தப்பு என்னுது. தெரிஞ்ச வார்த்தயப் பாத்த சந்தோசத்துல முந்தின வரிய விட்டுட்டேன்” என்றார். சரக்குக்காரரிடம் போய் அதையே இன்னொரு தடவை சொன்னார். அழவில்லை. போய் உட்கார்ந்து பென்சில் சீவினார்.

அந்தப் பென்சிலிலிருந்து வந்ததுதான் புள்ளி. அன்று தொட்டு, எந்த பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும், அர்த்தம் நிச்சயமாகத் தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். குட்டிச்சொற்களுக்கும் உண்டு. எல்லாச் சொல்லுக்கும் புள்ளி விழுந்தால் கோப்பு மேசையின் வலது பக்கம் போகும். ஒரு சொல்லுக்கு விழாவிட்டாலும் இடது பக்கம். வலது பக்கத்திலிருந்துதான் நான் எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போக வேண்டும். இடது பக்கத்தை முதலாளியே வந்து கேட்டாலும் தர மாட்டார். “இதுல ஒரு வார்த்த எனக்குத் தெரியல மொதலாளி” என்பார். தெரியவில்லை என்பதை அவர் சொல்கிற விதம் இருக்கிறதே, நாம் தெரியும் என்று சொல்லும்போதுகூட அவ்வளவு நிமிர்ந்து சொல்ல மாட்டோம்.

நான் கேலி செய்திருக்கிறேன். கோலம் போடுகிறார் என்று சொல்லியிருக்கிறேன். சுங்க அலுவலகத்தில் ஒருவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, பேப்பர எறும்பு கடிச்சிருக்கா?” என்று கேட்டபோது சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது லா அக்கா கொல்லத்தில் இருக்கிறார். அங்கே முந்திரிக் கம்பெனிக்காரர்கள் தங்கள் பிரெஞ்சுக் காகிதங்களை அவரிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம். அங்கேயும் இடது பக்கம், வலது பக்கம் உண்டாம். அதை அங்கிருந்து வந்த ஒரு டிரைவர் என்னிடம் குறையாகச் சொன்னான். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சரி, நான் சொல்ல வந்த கன்டெய்னர் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம், அதில் நான் வருகிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஊரில் என் வயலுக்கு அறுவடை மிஷின் மத்தியானம் வருவதாக இருந்தது. மிஷின்காரன் ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டான், அடுத்த வயலுக்குப் போய்விடுவான். காலை பதினோரு மணிக்கு யார்டில் முந்திரிக் கன்டெய்னர் ஒன்றைத் திறந்து சாம்பிள் எடுக்க வேண்டும். அதை முடித்துவிட்டால் நான் பஸ் ஏறிவிடலாம். கோப்பைத் தேடினால், இடது பக்கம் இருந்தது. அவர் வேறு வேலையாகச் சுங்க அலுவலகம் போயிருந்தார். எடுத்துப் பார்த்தேன். அச்சடித்த வரிகளுக்கெல்லாம் புள்ளி இருந்தது. அடியில், முத்திரை மையில் பாதி அழிந்து, கையால் எழுதிய ஒரு வரி. அதிலும் எல்லாவற்றுக்கும் புள்ளி இருந்தது, இரண்டு சொற்களுக்கு மட்டும் இல்லை.

இரண்டே சொல். யாரோ கிறுக்கிய வரி. நான் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

யார்டில் இருக்கும்போது அவர் போன் வந்தது. பார்த்தேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. இசக்கி, கதவின் சீல் முத்திரையை வெட்டுகிற கத்தரியோடு கன்டெய்னர் முன்னால் நின்றான். திறந்ததும் உள்ளே ஏறி முதல் மூட்டைகளைக் கீழே தள்ள வேண்டியவன் அவன்தான். சரக்குக்காரரின் ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீல் வெட்டியாயிற்று. இசக்கி கதவுக் கம்பியில் கை வைத்தான்.

“ஏலே இசக்கி! கைய எடுல!”

மேசையில் கோப்பைக் காணாமல் தேடி வந்தவர், ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்.

“என்னம்மா, என்ன விசயம்?” என்றார் சரக்குக்காரரின் ஆள்.

“இந்தப் பேப்பர்ல ரெண்டு வார்த்த எனக்குத் தெரியல.”

அந்த ஆள் சிரித்தார். “தெரியலங்கதுக்கா நிப்பாட்டுதிய?”

“ஆமா. தெரியலங்கதுக்குத்தான். சின்னப் பைகள்னு எழுதியிருக்கு. உள்ள போறதுக்கு முன்னாலன்னு எழுதியிருக்கு. உள்ள போறதுக்கு முன்னால என்னமோ செய்யணும்ங்கான். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. டீச்சருக்கு அனுப்பியிருக்கேன். பதில் வார வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது.”

முதலாளிக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் அவர் குரல் யார்டு முழுக்கக் கேட்டது. “போன தடவ மாதிரி இன்னொரு தடவ ஆச்சுன்னா அன்னைக்கே கணக்க முடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிருங்க, சொல்லிட்டேன்.”

“போன தடவ மாதிரி ஆச்சுன்னா தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன் மொதலாளி. இப்ப தொறக்க விடமாட்டேன்” என்றார். கதவில் சாய்த்த முதுகை எடுக்கவில்லை. இவர் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம், அது இவருக்கே தெரியும், தெரிந்தும் நிற்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரியென்று தெரிந்த இடத்தில் நிற்பதற்கு என்ன இருக்கிறது, நானும் நின்றுவிடுவேன்.

இசக்கி கத்தரியைக் கீழே வைத்தான். “லா அக்கா சொன்னா சரி. நான் ஏறல” என்றான்.

பத்து நிமிஷம் இருக்கும். அவர் போனில் டீச்சர் பெண்ணின் குரல் வந்தது. வகுப்பு முடிந்து இப்போதுதான் பார்த்தாளாம். “அக்கா, சின்னப் பைகள் எடுக்கப்படவில்லை, உள்ளே போகும் முன் காற்றோட்டமாகத் திறந்து விடவும். அப்படி எழுதியிருக்கு. என்ன பைகள் அக்கா அது?”

என்ன பைகள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெல் மூட்டைக்கு நடுவில் பூச்சிக்கு மாத்திரை வைக்கிற குடும்பம் என்னுடையது. விஷவாயு கக்குகிற அந்த மாத்திரை வைத்த அறையை நாங்கள் எவ்வளவு பயந்து திறப்போம் என்பதும், மனிதர்கள் அதற்குள் போய் வெளியே வராத வீடுகளும் எனக்குத் தெரியும். கப்பல் கிளம்பும்போது அங்கே மாத்திரைப் பைகளை வைத்துக் கதவை மூடியிருக்கிறார்கள். எடுக்காமலே வந்து சேர்ந்திருக்கிறது.

மருந்து அடிக்கிற கம்பெனியிலிருந்து, விஷவாயு அளக்கும் மீட்டரோடு ஆள் வந்தார். கன்டெய்னரின் பக்கவாட்டில் காற்றுத் துளையை அடைத்திருந்த டேப்பைக் கொஞ்சமாக உரித்துக் குழாயை வைத்தார். மீட்டர் கத்தியது. நிற்காமல் கத்தியது. பூண்டு நசுக்கியது போல ஒரு வாடை வந்தது. “காத்து வார பக்கமாப் போங்க, எல்லாரும் போங்க!” என்று அவர் விரட்டினார். தூரத்தில் ஒரு டிரெய்லர் நிழலில் போய் நின்றோம். “உள்ள ஏறப் போனது யாரு?” என்று மீட்டர்காரர் கேட்டார். இசக்கி கையைத் தூக்கினான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு போனார். வாயாடி இசக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முதலாளி மறுபடியும் போனில் வந்தார். பயம் கோபமாக மாறியிருந்தது. “படிச்சு முடிக்காத பேப்பர எதுக்கும்மா யார்டுக்கு அனுப்புனிய? ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்லுதது?”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “பேப்பர் என் டேபிள்ல இருந்துதான் வந்துச்சு மொதலாளி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இடது பக்கம், வலது பக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் அது அவர் தலையிலேயே விடிந்திருக்கும். சர்வர் டவுன் என்று சொல்லப் பழகிய வாய் இது. மிஷின்காரன் வயலுக்கு வந்திருப்பான் என்ற நினைப்புகூட அந்த நேரத்தில் ஓடியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

“மொதலாளி, தப்பு என்னுது” என்றேன். சத்தம் போனுக்கு எட்டவில்லை. போனுக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் சொன்னேன். “தப்பு என்னுது. அவங்க எடப்பக்கம் வச்சிருந்தத நாந்தான் கேக்காம எடுத்துட்டு வந்தேன். போன் பண்ணாங்க, அதையும் எடுக்கல.” இசக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அந்த அலுவலகத்தில் அந்த வாக்கியத்தை லா அக்காவைத் தவிர வேறு யார் வாயிலிருந்தும் முதலாளி கேட்டதில்லை.

லா அக்கா என் பக்கம் கை நீட்டினார். கோப்பை வாங்கி டிரெய்லர் டயரின் மேல் வைத்துப் பிரித்தார். கைப்பையில் தேடிப் பென்சிலை எடுத்தார். முத்திரை மையில் மங்கிக் கிடந்த அந்த வரியைக் கண்டுபிடித்து, ஒரு சொல்லுக்குக் கீழே ஒரு புள்ளி, இன்னொரு சொல்லுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். ஒரு தடவை முழு வரியையும் வாய்க்குள் படித்துப் பார்த்தார். பிறகு கோப்பை மூடி, வலது கையால் என்னிடம் நீட்டினார்.

“இப்ப கொண்டு போங்க அண்ணாச்சி” என்றார்.